எடுக்காத பொட்டலம்

நந்தியாவட்டைப் பூ கண்ணுக்குக் குளிர்ச்சி. பரீட்சைப் பேப்பர் திருத்திக் களைத்த கண்மேல் நாலு பூவை வைத்துக்கொண்டு படுத்தால் எரிச்சல் நின்றுவிடும். என் வீட்டுக் கொல்லையில் அந்தச் செடியை வைத்தது அதற்காகத்தான். பூசாரி அடைக்கலம் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பான். அவன் கோபத்தில் இருக்கிறான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு பொட்டலத்திலும் ஒரே பூவைத்தான் வைத்தேன். ஒரு தடவை இல்லை, பல வருஷமாக. கோயிலைச் சுத்தி செய்து பரிகார பூஜை நடத்த வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்பதுதான் சமஸ்தானத்து அதிகாரியான உங்கள் விசாரணை என்று சொன்னார்கள். நான்தான் பொறுப்பு. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஏன் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் அது பாதி வாக்குமூலம்தான். உங்களுக்கு அவசரமில்லை என்றால் சொல்கிறேன்.

என் பெயர் ஆத்மநாதன். புதுக்கோட்டையில் ஹைஸ்கூல் பூகோள வாத்தியார். பள்ளிக்கூட இறுதிப் பரீட்சைக்கு மேல் நான் படித்ததில்லை. அதன்மேல் வாத்தியார் ட்ரெயினிங், அவ்வளவுதான். காலேஜ் வாசலை மிதித்தது கிடையாது. இதைக் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். கல்யாணத் தரகனுக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்று சட்டம் உண்டா என்று கேட்பேன். சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

பரீட்சை முடிவு வந்துவிட்டால் என் வீட்டு வாசலில் செருப்புக் கழற்ற இடமிருக்காது. பையன், அப்பன், தாய்மாமன், மாமனுக்குத் துணையாக இன்னொருவர். திருச்சியா, மதுரையா, கும்பகோணமா, மதராஸா? கணக்கா, சயன்ஸா, சரித்திரமா? அவர்கள் ஊர் தேர்ந்தெடுக்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் மகனைக் கும்பகோணத்துக்கே அனுப்பவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். விசாரித்தால் அங்கே வெற்றிலை நன்றாக இருக்குமாம். இன்னொருவர் மதுரை என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. அவருடைய சம்பந்தி மதுரைக்காரர். பையனிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றாது.

நான் கேட்பேன். வெளியூரில் தனியாகத் தூங்கியிருக்கிறாயா? யாராவது அதட்டினால் அழுவாயா, முறைப்பாயா? கணக்கு வராவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவாயா, அதோடு மல்லுக்கு நிற்பாயா? பையன் பதில் சொல்வதற்குள் எனக்குப் பாதி விளங்கிவிடும். பெருமைக்காகச் சொல்லவில்லை, இது எனக்குக் கைவந்த வேலை. இந்த ஊரில் எவனுக்கு எந்தக் காலேஜ் பொருந்தும் என்று என்னைப்போல் சொல்லக்கூடியவர்கள் யாரும் இல்லை.

ஆனால் சொன்னதை யார் கேட்டார்கள்? அப்பன் ஓர் ஊர் சொல்வார், மாமன் ஓர் ஊர் சொல்வார், வெற்றிலைத் தட்டு காலியாகும். கடைசியில், "அம்மனைக் கேட்டுருவோம்ங்க" என்று எழுந்துவிடுவார்கள்.

நீங்கள் வெளியூர்க்காரர். இந்தக் கோயில் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஊரணிக் கரையில் இருக்கிறது அந்த மாரியம்மன் கோயில். எதிலாவது இரண்டு மனசாக இருந்தால் அங்கே பூக்கட்டிப் பார்ப்பார்கள். செவ்வரளி ஒரு பொட்டலம், நந்தியாவட்டை ஒரு பொட்டலம். இரண்டையும் பூவரச இலையில் மடித்து வாழைநாரால் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். சிவப்பு வந்தால் இன்னது, வெள்ளை வந்தால் இன்னது என்று முதலிலேயே சொல்லிக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுக்கும். எடுத்ததைப் பூசாரி எல்லார் முன்னாலும் பிரிப்பான். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அம்மனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். யாருக்காகக் கேட்டார்களோ அவர் அதை அப்படியே கொண்டுபோய் ஊரணியில் விட்டுவிட வேண்டும்.

பொட்டலம் கட்டுவது அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஆளாக இருக்கவேண்டும் என்பது இன்னொரு முறை. வாத்தியார் பொதுவான மனிதர், கை சுத்தம் என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நானாகக் கேட்டு வாங்கியது இல்லை.

முதல் வருஷம் ஒழுங்காகத்தான் கட்டினேன். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை. மளிகைக்கடை சோலையப்பன் மகனுக்காகக் கேட்டார்கள். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டிலேயே தடுக்கி விழுகிற பையன். சரித்திரம் என்றால் புலி. அம்மன் அவனுக்குக் கணக்கைக் கொடுத்தாள். பையன் இண்டர்மீடியட் பரீட்சையில் மூன்று தடவை விழுந்து எழுந்து கடைசியில் எழாமலே ஊருக்கு வந்து சேர்ந்தான். இப்போது அப்பன் கடையில் மிளகு நிறுக்கிறான். தராசை அப்பன் சரிபார்க்கிறார்.

அதற்காக நான் அம்மனைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு ஆயிரம் வேலை. மழையைப் பார்க்க வேண்டும், அம்மையைப் பார்க்க வேண்டும், வயிற்றுப்பிள்ளைக்காரிகளைப் பார்க்க வேண்டும். இண்டர்மீடியட்டில் எந்தக் குரூப் என்பதையும் அவள் தலையில் கட்டுவது நியாயமா? அடுத்த வருஷம் முதல் பையனை நானே பார்த்து முடிவு செய்து, அந்தப் பூவையே இரண்டு இலையிலும் வைத்து மடித்தேன். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? அவள் சுமையைக் கொஞ்சம் நான் தாங்கினேன். இலை மடிக்கிற கையும் அவள் கொடுத்ததுதானே.

பலன் கைமேல் தெரிந்தது. வீரய்யா மகன் பட்டணத்தில் வக்கீல். இருளாண்டி மகன் ரயில்வேயில் என்ஜினீயர். ஊருக்கு வரும்போதெல்லாம் முதலில் கோயிலுக்குப் போய்விட்டுப் பிறகு என் வீட்டுக்கு வருவான். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். என் விஷயத்தில் நாருக்குத்தான் மணம் அதிகம். கிணறு எங்கே வெட்டலாம், பெண்ணை எங்கே கொடுக்கலாம் என்பதற்கும் என்னையே பொட்டலம் கட்டக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டபோது போனேன். கூப்பிடாத இடத்துக்கு நான் போகிறவன் இல்லை.

அரிமளத்துச் செவந்தி முதலில் என்னிடம் வந்தது அப்படித்தான். அவள் புருஷன் பிச்சைமுத்து பினாங்கில் ஒரு கடையில் சமையல் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் அங்கே இறங்கிய பிறகு அவரிடமிருந்து சேதி இல்லை. அவள் சோறு தண்ணீர் தொடாமல் படுத்துவிட்டாள். மூத்த மகன் ரத்தினவேல் எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன். அவன்தான் அவளைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்கு அழைத்து வந்தான். சிவப்பு வந்தால் புருஷன் உயிரோடு இருக்கிறார், வெள்ளை வந்தால் இல்லை.

இரண்டிலும் செவ்வரளி வைத்தேன். வேறு என்ன வைக்க முடியும்? ஒரு பெண்பிள்ளையின் தாலியை நான் என் கையால் அறுப்பேனா? சிவப்பைக் கண்டதும் அவள் அங்கேயே உட்கார்ந்து பிரசாதப் பொங்கலை அள்ளி அள்ளித் தின்றாள். பக்கத்தில் ரத்தினவேல் தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டு நின்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் இளகின மனசுக்காரன்.

அந்தப் பையன் விஷயம் உங்கள் விசாரணையில் இல்லை என்று தெரியும். ஆனால் அவனை விட்டுவிட்டுப் பூவைப்பற்றி மட்டும் பேச முடியாது.

கெட்டிக்காரப் பையன். அதை நான் என்றைக்கும் மறைத்ததில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் தாயோடு கடலைக்கொல்லையில் வேலை செய்துகொண்டே படித்து, பரீட்சையில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தான். அது சுபானு வருஷம், போன வருஷம். முடிவு வந்த மறுநாள் வருவான் என்று பார்த்தேன். வரவில்லை. மற்றவர்கள் எல்லாரும் வந்தார்கள். பாஸாகாதவர்கள்கூட வந்தார்கள். ஒரு வாரம் போல ஆன பிறகு ஒரு சாயங்காலம் வந்தான், வந்தவன் உட்காரவில்லை.

"மெட்ராஸ்ல எடம் கெடச்சிருச்சு சார். ஹாஸ்டல்ல சோறும் தர்றாங்களாம். டாக்டருக்குப் படிக்கணும்னா அங்கதான் தோதுன்னு நானே எழுதிப் போட்டேன். ஒங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சொல்லிவிட்டுப் போக வந்திருந்தான். கேட்டுவிட்டுப் போக வரவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கவனித்தேன். கோபப்படவில்லை. எனக்குக் கோபம் வருவதில்லை.

"யாரையும் விசாரிக்கலையா?" என்றேன்.

"வெவரமெல்லாம் காலேஜ் புஸ்தகத்துலயே போட்டிருந்துச்சு சார்." பிறகு சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தைப் பார்த்தான். "சார், நீங்க கடலப் பாத்திருக்கீங்களா?"

பல வருஷமாகக் கடல் நீரோட்டங்களைப் பாடம் நடத்துகிறேன். திருச்சியைத் தாண்டி நான் போனதில்லை. இல்லை என்றேன்.

"லீவுக்கு வரயில எப்பிடி இருந்துச்சுன்னு வந்து சொல்றேன் சார்."

அவன் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை, பிரியமாகச் சொன்னான். எனக்கு அவமானமாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். அன்று இராத்திரி சோறு இறங்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். இந்த ஊரில் எந்தப் பிள்ளையும் என்னைக் கேட்காமல் போய் நன்றாக இருந்ததில்லை. கேட்காமல் எந்தப் பிள்ளையும் போனதே இல்லை என்பது வேறு விஷயம். அவனுக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் பழி யார்மேல் வரும்? பேசாமல் இருப்பது வாத்தியாருக்கு அழகில்லை என்று முடிவு செய்தேன்.

அரிமளத்துக்குப் பஸ்ஸில் போனேன். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓட்டுகிற யுத்தகாலத்துக் கரி பஸ். வழியில் நின்று நின்று போயிற்று. நான் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். செவந்தி வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க வாத்தியாரய்யா. ஒக்காருங்க. மெட்ராஸுல குண்டு போடுவாகன்னு பேசிக்கிறாகளே, நெசமாங்க?"

அதற்கு முந்தின வருஷம் மதராஸ் காலியாகி ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடியது உண்மைதான் என்றேன். பிறகு எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்பதும் உண்மைதான். அதை அவள் கேட்கவில்லை.

அவள் கையிலிருந்த கடலையைக் கீழே போட்டாள். "எம்புருசன அந்தச் சண்ட ஒரு பக்கம் வச்சிருக்கு. புள்ளையவும் அதுகிட்டக் குடுக்கச் சொல்றீகளா? வேற ஊரே இல்லீங்களா அய்யா?"

காவிரிக் கரையில் ஓர் ஊரைச் சொன்னேன். பெயரை நீங்கள் எழுத வேண்டாம். நல்ல காலேஜ்தான், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை. அங்கே குண்டு விழாது என்றேன். விழவும் இல்லை.

"அவன் நான் சொன்னாக் கேக்க மாட்டான். அம்மனக் கேட்டுருவோம்ங்க. அவ சொன்னாத் தட்ட மாட்டான். அவுக அப்பா இருக்காருன்னு சொன்னவ அவதானே?"

அவளாகத்தான் கேட்டாள். பூ என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை. இதை நீங்கள் அடிக்கோடு போட்டு எழுதினால் நல்லது.

சிவப்பு மதராஸ், வெள்ளை ஆற்றங்கரை ஊர் என்று வைத்தார்கள். அடைக்கலம் கற்பூரம் காட்டினான். அவன் பேத்தி சொர்ணம் வந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் நந்தியாவட்டை. ரத்தினவேல் முகம் சுண்டிவிட்டது. தாயைத் திரும்பிப் பார்த்தான். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். "சரி ஆத்தா" என்றான். எடுக்காத பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஊரணிப் பக்கம் இறங்கினான். நான் வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

இங்கே ஒரு தப்பு நடந்துவிட்டது. முழுக்க என் தப்பு. நாரை நனைத்துக் கட்ட வேண்டும். அன்றைக்கு அவசரத்தில் காய்ந்த நாரால் கட்டிவிட்டேன். தண்ணீரில் விட்டதும் முடிச்சு நழுவி இலை விரிந்துவிட்டதாம்.

அந்த ஆற்றங்கரை ஊருக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் பள்ளிக்கூடம் விட்டபிறகு ரத்தினவேல் என் அறைக்கு வந்தான். இரண்டு பொட்டலத்தையும் மேஜைமேல் வைத்தான். ஒன்று பூசாரி பிரித்துப் பிரசாதமாகக் கொடுத்தது. இன்னொன்று நனைந்து காய்ந்திருந்தது.

"ரெண்டுலயும் நந்தியாவட்டதான் சார் இருந்துச்சு."

"அப்படியா" என்றேன்.

"ஏன் சார்?"

"உன் நல்லதுக்குத்தான்."

அவன் காய்ந்த இலையை விரலால் நீவினான். "மெட்ராஸு வேணாம்னு எங்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னால் கேட்டிருப்பாயா?"

"கேட்டிருக்க மாட்டேன்." பொய் சொல்லத் தெரியாத பையன். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அப்பாவுக்குப் பூக் கேட்டமே, அன்னைக்கும் நீங்கதானே சார் கட்டுனீங்க?"

என் பதில் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஆத்தாகிட்ட சொல்லல சார். இது பொய்யின்னா அதுவும் பொய்யின்னு ஆயிரும். அந்தச் செவப்புப் பூவ நம்பித்தான் அது சோறு திங்கிது. நான் மெட்ராஸுக்குத்தான் போவேன்னு நின்னா ஏன்னு கேக்கும். நீங்க சொன்ன ஊருக்கே போயிர்றேன்."

பதினேழு வயசுப் பையன் தாயை அப்படித் தாங்குவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அல்லவா? பொட்டலங்களை என்னிடம் விட்டுவிட்டுப் போகும்படி சொன்னேன். "வேணாம் சார், நான் வச்சுக்கிறேன்" என்று எடுத்துக்கொண்டு போனான்.

ஆடி மாதம் பள்ளிக்கூடத்துக்குத் தந்தி வந்தது. வாந்திபேதி. ஒரே நாளில் முடிந்துவிட்டது. நோய் பரவும் என்று உடலைக் கொண்டுவர விடவில்லை. அங்கேயே ஆற்றங்கரையில் எரித்துவிட்டார்கள். தாய்க்குப் பக்குவமாகச் சொல்லத் தெரிந்தவர் நான்தான் என்று என்னை அனுப்பினார்கள். மறுபடியும் அதே கரி பஸ். பக்குவமாகத்தான் சொன்னேன். அம்மன் அழைத்துக்கொண்டாள் என்றேன்.

"நல்ல எடமுன்னு அவதானேய்யா சொன்னா?" என்று ஒரே கேள்வி கேட்டாள் செவந்தி.

அம்மன் கணக்கு நமக்கு விளங்காது தாயி என்று சொல்லிவிட்டு வந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். அவள் அம்மன்மேல் கோபப்பட்டாளே தவிர, அம்மனைச் சந்தேகப்படவில்லை. புருஷனுக்கு வந்த சிவப்புப் பூ அவளுக்கு அப்படியே இருந்தது. அந்த வகையில் ரத்தினவேல் நினைத்தது வீண் போகவில்லை.

இந்த வருஷம் அவளுடைய இரண்டாவது மகன் ராசு பாஸானான். சாதாரணப் பையன், பயந்த சுபாவம். உள்ளூர்க் காலேஜா, திருச்சியா என்று கேட்டுக்கொண்டு செவந்தி அவனை அழைத்து வந்தாள். அண்ணனைப் பறிகொடுத்த வீடு. இருக்கிற ஒரு பிள்ளையும் வெளியூர் போனால் தாய் என்ன ஆவாள்? உள்ளூர்தான் சரி என்று ஒரு நொடியில் முடிவு செய்தேன். இத்தனை வருஷத்தில் இதைவிடப் பொருத்தமாக நான் யாருக்கும் ஆலோசனை சொன்னதில்லை. சிவப்பு உள்ளூர். இரண்டிலும் செவ்வரளி வைத்தேன். நாரையும் நன்றாக நனைத்துக் கட்டினேன்.

சொர்ணம் எடுத்தாள். சிவப்பு. ராசு முகத்தில் சந்தோஷம். எடுக்காத பொட்டலத்தை அடைக்கலம் அவனிடம் நீட்டினான். செவந்தி குறுக்கே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"பிரிக்கக் கூடாது தாயி" என்றான் அடைக்கலம்.

அவள் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். உள்ளே செவ்வரளி. அதை அம்மன் முன்னால் வைத்தாள். பிறகு மடியிலிருந்து இன்னும் இரண்டு பொட்டலங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இலை சருகாகியிருந்தது. பூ பழுப்பாகிவிட்டது, ஆனாலும் நந்தியாவட்டை என்று தெரிந்தது. ஹாஸ்டலிலிருந்து வந்த பெட்டியில் சட்டை மடிப்புக்குள் இருந்ததாம். பெட்டியைத் திறக்க அவளுக்கு ஒரு வருஷம்போல மனம் வரவில்லையாம்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"எம்புள்ளைக்கு இது தெரியுமாங்க அய்யா?"

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சுமா போனான்?"

பெற்றவள் கேட்கிறாள். அவளிடம் மறைப்பது பாவம் என்று எனக்குத் தோன்றியது. "உனக்காகத்தான் போனான். இது பொய் என்று தெரிந்தால் புருஷன் விஷயமும் பொய் என்று நீ சாப்பிடாமல் கிடப்பாயாம். அதனால் உன்னிடம் சொல்லவில்லை" என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் ராசுவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அடைக்கலம்தான் கத்தினான். மணியைத் தூக்கி எறிந்தான். பிறகு உங்களுக்கு மனுப் போட்டதும் அவன்தான், அவள் இல்லை.

மறுநாள் அவள் கழுத்தில் தாலி இல்லையாம். யாரும் சடங்கு செய்து அறுக்கவில்லை, தானே கழற்றி உறியில் இருந்த சட்டியில் போட்டுவிட்டாளாம். அதன் பிறகு பேச்சும் இல்லை என்கிறார்கள். இதற்கும் என்னைத்தான் சொல்கிறார்கள். இரண்டு வருஷமாக அந்தத் தாலி அவள் கழுத்தில் இருந்ததே, அது யாரால் என்று ஒருவரும் கேட்கவில்லை. உலகம் அப்படித்தான்.

பரிகார பூஜைக்கு ஆகிற செலவை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. வேலையை விட்டு நீக்கினாலும் சரி. ஆனால் இந்த வருஷத்துப் பையன்கள் இன்னும் சிலர் பாக்கி இருக்கிறார்கள். நேற்றுக்கூட ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு கொல்லைப்பக்கமாக வந்தார். பூவெல்லாம் வேண்டாம், நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்லி அனுப்பினேன். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

பேனாவை மூடிவிட்டீர்கள். ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் விசாரணைக்கு வேண்டியதில்லை. இருந்தாலும் வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்க வேண்டும்.

ரத்தினவேல் பொட்டலங்களை என் மேஜைமேல் வைத்தான் என்றேனே, அவற்றுக்கு அடியில் அன்றைய தினசரி கிடந்தது. அந்த ஊரில் வாந்திபேதி கண்டிருக்கிறது, ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருப்பதால் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம் என்று அதில் போட்டிருந்தது. காலையிலேயே படித்துவிட்டேன். சாயங்காலம் அரிமளத்துக்குப் போய் அவனைத் தடுத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். இது சத்தியம். அவனே வந்தான். ஆனால் கையில் அந்த இரண்டு பொட்டலத்தோடு வந்தான். நான் கட்டியது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் என் எதிரில் நிற்கிறான். அவனிடம் போய், நான் காட்டிய ஊரும் சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது? அவனோ மறுநாள் ஊரைவிட்டுப் போகிறான். நான் தினசரியை மடித்துக் கீழே வைத்தேன்.

வாசல்வரை போனவன் திரும்பி நின்றான். "அந்த ஊரு தண்ணி ஒத்துக்கிருமா சார்?"

எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவன் என்னிடம் ஆலோசனை என்று கேட்டது அது ஒரு தடவைதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆற்றுத்தண்ணீர், இனிப்பாக இருக்கும், தாராளமாகக் குடி என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால் குடித்துப் பாருங்கள், இனிப்பாகத்தான் இருக்கும்.